இரவு எட்டு மணிக் கட்டம்

நான் இதுவரை எழுதியவற்றில் அடித்தல் திருத்தல் இல்லாமல் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை ஒரே மூச்சில் வந்த படைப்பு ஒன்றே ஒன்றுதான். அது ஒரு புகார் மனு. நான்கு பக்கம். எங்கள் பகுதி சுகாதார சப் சென்டர் நர்ஸின் நடத்தை பற்றி, மருத்துவ அதிகாரிக்கு. பதிவுத் தபாலில் அனுப்பினேன். மறுநாள் நண்பகல், யாரைப் பற்றி எழுதினேனோ அந்த அம்மாள் என் காரின் பின்சீட்டில், என் மனைவியின் அடிவயிற்றில் ஒரு கையை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முன்சீட்டில் நான் அழுதுகொண்டே ஓட்டிக்கொண்டிருந்தேன். மனு அந்நேரம் தபால் பையில் எங்களைக் கடந்து போயிருக்கும்.

இதைச் சொல்லிவிட்டதால் அந்த அம்மாளைப் புகழப்போகிறேன் என்று யாரும் எண்ணவேண்டாம். பதினான்கு வருஷம் ஆகிறது. எனக்கு இன்றைக்கும் அவரைப் பிடிக்காது.

குட்டையான, அகலமான உருவம். ஸ்கூட்டரை முற்றத்தின் நட்டநடுவில்தான் நிறுத்துவார், வேறு யாரும் வரப்போவதில்லை என்பது போல. நாற்காலி போட்டால் உட்காரமாட்டார். சாயா கொண்டுவந்தால், "அதை அவளுக்குக் குடு" என்பார். வந்ததும் நேரே கிணற்றடிக்குப் போய், பையிலிருந்து தன் சொந்த சோப்பை எடுத்து முழங்கை வரை கழுவுவார். துவாலை நீட்டினால் அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கைகளை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக் காற்றில் உலர்த்தியபடி வீட்டுக்குள் நுழைவார். பாறசாலையிலிருந்து பெருங்கடவிளை போகும் வழியில் குழந்தை பிறந்த வீடுகள் எல்லாவற்றிலும் அந்த இரண்டு கைகளும் இப்படித்தான் நுழைந்தன, ஏதோ சரணடைய வருவது போல. சரணடைந்தது எப்போதும் வீட்டுக்காரர்கள்தான்.

அவரிடம் ஒரு குணம் இருந்தது. மனிதர்கள் வாயால் சொல்லும் எதையும் அவர் நம்பமாட்டார். பால் நன்றாக வருகிறது என்றால், "காட்டு." காய்ச்சல் இல்லை என்றால், "நாக்கை நீட்டு." தையல் ஆறிவிட்டது என்றால், "திரும்பிப் படு." பெற்றவளைப் பார்க்க வந்த சொந்தக்காரர்கள் அறையில் பத்துப் பேர் இருந்தாலும் ஒரே சொல்லில் வெளியே தள்ளிவிட்டு, போட்டிருக்கும் துணியைக் காட்டச் சொல்வார். "வாயி பொய் சொல்லும் மக்களே, துணி சொல்லாது" என்பது அவருடைய வேதம். நிறம் பார்ப்பார், நனைந்த அளவு பார்ப்பார், மோந்தும் பார்ப்பார். ஓய்வுபெற்ற ஒரு ஹெட்மாஸ்டர் வீட்டில், மகள் உறங்குகிறாள், பிறகு வாருங்கள் என்று சொல்லிவிட்டார்களாம். உறங்குகிறாளா, மயங்கிக் கிடக்கிறாளா என்று யாருக்குத் தெரியும் என்று கேட்டுவிட்டு, அலக்குகல்லின் மேல் ஒன்றரை மணிநேரம் உட்கார்ந்திருந்தார். அவள் உறங்கத்தான் செய்தாள். அதைக் கண்ணால் பார்த்தபின் கிளம்பிப் போய்விட்டார். ஹெட்மாஸ்டர் அதன்பின் ஒரு மாதம் அந்தக் கல்லில் யாரையும் துணி துவைக்க விடவில்லை. கோபத்துக்கு வேறு வழி தெரியவில்லை அவருக்கு.

எனக்குத் தெரிந்தது. எனக்கு எழுத வரும்.

எங்கள் குடும்பம் தலைமுறை தலைமுறையாக எழுதிப் பிழைத்த குடும்பம். ராஜா காலத்தில் தாலுகா கச்சேரிகளில் கணக்கெழுதினோம். ராஜா போனபின் சர்க்கார் ஆபீஸ்களில் எழுதினோம். நானும் அப்படி ஓர் ஆபீசில் செக்‌ஷன் தலைவன். எங்கள் ரத்தத்தில் ஊறிய ஒரே தர்மம், பதிவேட்டில் காலிக் கட்டம் இருக்கக்கூடாது என்பது. உண்மை தவறினால் விளக்கம் எழுதித் தப்பிக்கலாம். காலிக் கட்டத்துக்கு விளக்கமே கிடையாது.

கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து எங்களுக்குப் பெண் பிறந்தாள். தனியார் ஆஸ்பத்திரியில் சுகப்பிரசவம். மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தோம். மாமியார் வீடு அம்பூரி மலைக்கு மேலே, நல்ல மழைக்காலம், அங்கே போக முடியாது என்பதால் மாமி இங்கே வந்து பொறுப்பேற்றாள். மாமியின் ஆட்சியில் சட்டங்கள் மூன்று. ஒன்று, வாலாய்மை கழியும்வரை, அதாவது பேற்றுத் தீட்டு தீரும்வரை, ஆண்பிள்ளை அறைக்குள் நுழையக்கூடாது. வாசல்படியோடு நின்றுகொள்ள வேண்டும். இரண்டு, பழைய இரட்டை வேட்டியை நீளமாகக் கிழித்துப் பெற்றவளின் வயிற்றை இறுகக் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் வயிறு தள்ளிப்போகும். மூன்று, நனைந்த துணி யார் கண்ணிலும் படக்கூடாது. பச்சிலை போட்டுக் கொதிக்கவைத்த வேதுவெள்ளத்தில் குளிப்பாட்ட ஒரு பெண் காலையில் வருவாள். அவளே துணிகளையும் அலசிப் பின்பக்கம் காயப்போட்டு, மேலே வேறு துணி விரித்து மூடிவிட்டுப் போவாள்.

நான் என் பங்குக்கு ஒரு புத்தகம் வாங்கியிருந்தேன். பிரசவம் பற்றிய தடித்த ஆங்கிலப் புத்தகம். அதை அடிக்கோடிட்டுப் படித்தேன். வாசல்படியில் நாற்காலி போட்டுக்கொண்டு அறைக்குள் இருக்கும் நிலைமையைப் புத்தகத்திலிருந்து அறிந்துகொண்டேன்.

சிஸ்டர் முதல்முறை வந்தபோது என் மனைவியிடம், "ரத்தம் போக்கு எப்படி உண்டு?" என்று கேட்டார். நான் வாசல்படியிலிருந்து, நார்மல் என்றேன். தலைவலி உண்டா என்றார். இல்லை என்றேன். மூத்திரம் போகும்போது எரிச்சல்? அதுவும் இல்லை என்றேன். சிஸ்டர் மெல்லத் திரும்பி என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தார்.

"சாறே, நீரா பெற்றது?"

உள்ளே என் மனைவி சிரித்தது கேட்டது. பேறுகாலத்துக்குப் பின் அவள் சிரித்த முதல் சிரிப்பு அது என்பதை அப்போது நான் கவனிக்கவில்லை. காது எரிந்ததைத்தான் கவனித்தேன்.

ஏழாம் நாள் மறுபடி வந்தார். வயிற்றுக்கட்டைக் கண்டதும் மாமியைக் கேட்காமல் முடிச்சை அவிழ்த்தார். உள்ளே கருப்பை நாள்தோறும் சுருங்கி இறங்குகிறதா என்று கை பார்க்க வேண்டாமா, அதைப் பொதிந்துகட்டி வைத்தால் எப்படிப் பார்ப்பது என்று கேட்டார். மாமி, நாங்கள் நான்கு பெற்றவர்கள் என்றாள். "ஞான் நாலாயிரம் வயிறு பிடிச்சு பார்த்தவளாக்கும்" என்றார் சிஸ்டர். தண்ணீர் குறைவாகக் கொடுப்பதற்குத் திட்டு. துணி எங்கே என்றதற்கு, அலசிப் போட்டாச்சு என்று பதில், அதற்கும் திட்டு. செருப்புக் காலோடு அடுக்களைக்குப் போய்ப் பானைகளைத் திறந்து பார்த்தார். கடைசியில் வெளியே வந்து, கர்ப்பப்பை இறங்கவேண்டிய அளவு இறங்கவில்லை, எனக்குத் திருப்தி இல்லை என்றார். கட்டம் போட்ட ஒரு தாளை என்னிடம் தந்தார். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை எத்தனை துணி, என்ன நிறம், காய்ச்சல் எவ்வளவு என்று எழுத வேண்டும். நல்ல சிவப்பு கண்டால் எழுதிக்கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். இரண்டு நாளில் திரும்பி வருவார்.

"நோக்கிட்டு எழுதணும், கேட்டீரா? கேட்டுட்டு எழுதக்கூடாது."

அன்று மாலையே நான் மனுவை எழுத உட்கார்ந்தேன். குடும்பத் தலைவனை அவமதித்தது, மூத்தவர்களை இழித்துப் பேசியது, அடுக்களையில் செருப்பு, மரபுகளில் கைவைத்தது என்று நான்கு தலைப்புகள். உவமைகள்கூடப் போட்டேன். மறுநாள் காலை ஆபீசுக்குப் போகும் வழியில் தபாலில் சேர்த்தேன்.

சரி, தாள்? அதையும் எழுதினேன். முதல் இரண்டு கட்டங்களுக்கு வாசல்படியில் நின்று மாமியைக் கேட்டேன். "அதெல்லாம் பெண்ணுங்களுக்கு உள்ளது மாப்பிளே, நல்லாத்தான் இருக்கு" என்றாள். 'இரண்டு துணி, இளஞ்சிவப்பு, சாதாரணம்' என்று எழுதினேன். அதன்பின் கேட்பதையும் விட்டுவிட்டேன். என்ன எழுத வேண்டும் என்பதுதான் புத்தகத்தில் இருந்ததே. நாள் செல்லச் செல்ல நிறம் வெளிற வேண்டும், துணி குறைய வேண்டும். அப்படியே குறைத்துக்கொண்டு வந்தேன். நம்பகத்தன்மைக்காக ஓரிடத்தில் ஒரு துணி கூட்டியும் போட்டேன். எட்டாம் நாள் மாலை என் மனைவி உள்ளேயிருந்து, "எனக்குக் கண்ணு இருட்டிட்டு வருது, கேட்டேளா" என்றாள். நான் புத்தகத்தைப் புரட்டி, பிரசவத்துக்குப் பின் அப்படி வருவது இயல்பு என்பதைப் பக்க எண்ணோடு எடுத்துச் சொன்னேன். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். ஏற்றுக்கொண்டாள் என்று நினைத்தேன்.

பத்தாம் நாள் எனக்குக் காட்டாக்கடையில் ஆபீஸ் வேலை. காலை ஆறு மணிக்கே கிளம்ப வேண்டும். ஆகவே ஒன்பதாம் நாள் காலையில், விடுப்பில் வீட்டில் இருந்தபோதே, அன்றைய மிச்சக் கட்டங்களையும் மறுநாள் கட்டங்களையும் சேர்த்து நிரப்பித் தாளை ஆணியில் மாட்டிவிட்டேன். இதைச் செய்யும்போது எனக்கு ஒரு துளி உறுத்தலும் இல்லை. எங்கள் ஆபீசில் சுறுசுறுப்பு என்பதற்கு இதுதான் பொருள்.

பதினொன்றரைக்கு ஸ்கூட்டர் முற்றத்தின் நடுவில் நின்றது. கைகளைக் காற்றில் பிடித்தபடி வந்த சிஸ்டர், ஆணியின் முன் நின்று தாளைப் படித்தார். நெடுநேரம் படித்தார். கையெழுத்தை ரசிக்கிறார் என்று நினைத்தேன்.

"சாறே, இப்போ மணி எத்தற?"

சொன்னேன்.

"இன்னைக்கு ராத்திரி எட்டு மணிக்கு உள்ள துணி இதுல மாறியாச்சே." விரல் அடுத்த வரிசைக்குப் போயிற்று. "நாளைக்குக் காலத்தயும் அவளுக்கு நல்ல சுகமாக்கும், இல்லியா?"

நான் காட்டாக்கடை வேலையைப் பற்றி விளக்கத் தொடங்கினேன். அவர் தாளை ஆணியிலிருந்து பிடுங்கி என் மார்பில் வைத்துவிட்டு உள்ளே போனார். வயிற்றுக்கட்டை அவிழ்க்கும் ஓசை. மாமியின் குரல் ஒருமுறை உயர்ந்து பாதியில் நின்றது. பிறகு சிஸ்டர் என்னைத் தாண்டி வீட்டின் பின்பக்கம் போனார். திரும்பும்போது கையில் ஓர் அலுமினிய வட்டகை, அகலப் பாத்திரம். குளிப்பாட்டும் பெண் மழையில் அன்று வரவில்லை. துணிகள் அலசாமல், மேலே முறம் கவிழ்த்து வைத்தபடி இருந்திருக்கின்றன. அதை என் முன்னால், நான் படித்துக்கொண்டிருந்த பத்திரிகையின் மேலேயே வைத்தார்.

"பாரும்."

பார்த்தேன். ஒன்பது நாளில் முதல்முறையாக.

"இதுக்க நிறம் என்ன?"

"சிவப்பு."

"எழுதும்."

எழுதினேன். 'இளமஞ்சள், சாதாரணம்' என்று இருந்ததன்மேல் 'சிவப்பு' என்று எழுதினேன். அந்தத் தாளில் உண்மையான ஒரே சொல். என் வாழ்க்கையில் அவ்வளவு மோசமான கையெழுத்தில் நான் எதையும் எழுதியதில்லை.

அதற்குள் அவர் குழந்தையை மாமியிடம் கொடுத்துவிட்டு என் மனைவியைத் தாங்கிக் காருக்குக் கொண்டுவந்திருந்தார். அவள் உதடு, போட்டிருந்த வெள்ளை முண்டின் நிறத்தில் இருந்தது. போட்டுவிட்ட புதுத் துணி காரில் ஏறுவதற்குள் நனைந்துவிட்டது. நெய்யாற்றின்கரை போகும்வரை சிஸ்டர் ஒரு கையால் அடிவயிற்றைத் தேய்த்துத் தேய்த்து அழுத்திக்கொண்டே இருந்தார், மறுகை நாடியில். "உறங்காத மக்களே. பேசு. கொச்சுக்கு என்ன பேரு வைக்கப் போற?" என்று கேட்டபடியே வந்தார். அவள் பதில் சொல்லத் தாமதித்த ஒரு தடவை, நாங்கள் தீர்மானித்திருந்த பேரை நான் முன்னாலிருந்து சொன்னேன்.

"சாறு ரோட்டைப் பாரும். ஞான் அவளைக் கேட்டேன்."

அவள் வேறு பேர் சொன்னாள். மிக மெல்ல. என் மகளுக்கு இப்போது அந்தப் பேர்தான்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னைப் பார்த்து, எத்தனை நாளாக இப்படி என்று கேட்டார். நான் வாயைத் திறந்தேன். சிஸ்டர் என்னைப் பார்த்தார். வாயை மூடினேன். அந்த மூன்று நாளில் நான் செய்த உருப்படியான ஒரே காரியம். உள்ளே நஞ்சுக்கொடியின் ஒரு துண்டு ஒட்டியிருந்ததாம். அதனால்தான் கருப்பை சுருங்கவில்லை. அதை எடுத்து, ரத்தம் ஏற்றினார்கள். இன்னும் அரைநாள் வைத்திருந்தால் என்று டாக்டர் தொடங்கி, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். நன்றி சொல்ல சிஸ்டரைத் தேடினால் ஆள் இல்லை. பஸ்ஸில் போய்விட்டிருந்தார். என் வீட்டு முற்றத்திலிருந்து ஸ்கூட்டரை எடுத்தவர், நான் கீழே போட்டிருந்த தாளையும் எடுத்துக்கொண்டு போனதாக மாமி சொன்னாள்.

இங்கேயே நிறுத்தினால் இது நல்ல கதை. ஆனால் மனு ஒன்று இருக்கிறதே. அதைத் திரும்பப் பெறுகிறேன் என்று இன்னொரு கடிதம் எழுதிவிட வேண்டும் என்று தினமும் நினைத்தேன். வெட்கம்தான் காரணம் என்று சொல்லலாம். உண்மையில், அவ்வளவு நன்றாக அமைந்த ஒன்றை ரத்துசெய்ய மனம் வரவில்லை என்பதும் ஒரு காரணம். இரண்டு வாரம் கழித்து மருத்துவ அதிகாரி என்னையும் சிஸ்டரையும் அழைத்தார். மனுவைச் சிஸ்டரிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார். சிஸ்டர் நான்கு பக்கத்தையும் அவசரமில்லாமல் படித்தார். உவமைகள் வரும் இடத்தில் நான் சுவரைப் பார்த்துக்கொண்டேன். பிறகு அவர், இதில் நான் பேசியதாக எழுதியிருப்பது எல்லாம் நான் பேசியதுதான் என்றார். பையிலிருந்து என் தாளை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"ஞான் போனது ஏழாம் நாளு. சாறு ஆறுன்னு எழுதியிருக்காரு. தேதி மட்டும் தப்பு. சாறு தேதியை எப்பவும் கொஞ்சம் முன்னாலயே எழுதுவாரு."

அதிகாரி தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஃபைலை மூடினார். நாற்பத்திரண்டாம் நாள் சிஸ்டர் எதுவுமே நடக்காதது போல வீட்டுக்கு வந்து வயிறு பார்த்து, துணி பார்த்து, தையல் பார்த்துவிட்டுக் கிளம்பினார். ஸ்கூட்டரை உதைக்கும்போது என்னைப் பார்த்து, "மனு நல்ல எழுத்து. சார்ட்டும் நல்ல எழுத்து" என்றார். பதினான்கு வருஷத்தில் என் எழுத்தைப் பற்றி வந்த விமர்சனங்களில் இதற்கு மட்டும் என்னால் பதில் எழுத முடியவில்லை.

அவரைப் பிடிக்காமல் போனதற்கு அது மட்டும் காரணமல்ல. அடுத்த வருஷம் எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு பெண் பெற்றாள். சிஸ்டர் போனார், பார்த்தார், எல்லாம் சரி. ஆனால் அந்தப் பெண் அழுதுகொண்டே இருந்தாள். பிள்ளையைத் தொடமாட்டேன் என்றாள். ஏன் என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. சிஸ்டர் மறுபடி நாடி பிடித்தார், வயிறு பிடித்தார், துணி பார்த்தார். "ஒனக்கு ஒண்ணும் இல்ல பிள்ளே. என்னத்துக்கு அழுற?" என்று சொல்லிவிட்டுப் போனார். துணியில் தெரியாத எதுவும் அவருக்கு இல்லாத ஒன்று. அவள் வாயால் சொன்னதை அவர் நம்பவில்லை. அவளிடம் காட்டுவதற்கு வேறொன்றும் இல்லை. எட்டு மாதம் கழித்துத் திருவனந்தபுரத்தில் வைத்தியம் பார்த்துத்தான் அவள் பிள்ளையை எடுத்தாள். அந்த எட்டு மாதமும் என் மனைவிதான் தினமும் போய் அவளருகே உட்கார்ந்திருந்தாள். இதை அந்த அம்மாளிடம் யாராவது மனுவாக எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். எழுதத் தெரிந்தவன் ஒருவன் பக்கத்து வீட்டில் இருந்தான். அவன் அந்தத் தகுதியை ஏற்கெனவே செலவழித்துவிட்டிருந்தான்.

போன மாதம் காட்டாக்கடைச் சந்தையில் அவரைக் கண்டேன். ஓய்வுபெற்றுவிட்டாராம். மரச்சீனிக் கிழங்கு ஒவ்வொன்றையும் நகத்தால் கீறிப் பார்த்துக்கொண்டிருந்தார். விற்கிறவன், நல்ல கிழங்கு என்று சத்தியம் செய்துகொண்டிருந்தான். நான் போய் நின்றேன். அடையாளம் தெரியவில்லை. ஊர் சொன்னேன், வருஷம் சொன்னேன். கடைசியில் தாளைப் பற்றிச் சொன்னேன்.

"ஓ. நாளைக்கு உள்ளதை இன்னைக்கே எழுதுன ஆளு." கிழங்கைக் கீழே வைத்தார். "அவளுக்கு எப்படி உண்டு?"

"நல்ல சுகம் சிஸ்டர்."

அவர் கையை நீட்டினார். கைகுலுக்க என்று நினைத்து நானும் நீட்டினேன். "ஃபோன்" என்றார். போட்டுக் கொடுத்தேன். இருவரும் பத்து நிமிஷத்துக்குக் குறையாமல் பேசினார்கள். நான் அவருடைய கிழங்குப் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஃபோனைத் திருப்பித் தந்தவர், "கால்முட்டுக்கு வேதனை உண்டாம் அவளுக்கு. ரெண்டு வருஷமா. அறியாதா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போய்விட்டார். நன்றி சொல்ல இந்தத் தடவையும் முடியவில்லை.

வீட்டுக்கு வந்து இதையெல்லாம் எழுதினேன். முடித்ததும் என் மனைவியிடம் வாசிக்கக் கொடுத்தேன். அவள் அடுக்களைப் படியில் கால்முட்டைத் தடவிக்கொண்டே கடைசிவரை வாசித்தாள். தாள்களை அடுக்கித் திருப்பித் தந்தாள்.

"ரத்தம் போனது எனக்கு. இதுல முழுக்க நீங்கதான் கெடக்கிறேள்" என்றாள்.